கோதுமை படாத பிஸ்கட் எது? வாசகர் கேள்வி – பதில்

கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள கிளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனதும், உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குவதுதான் செலியாக் நோய். மருந்து மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க கிளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை. 2016ல் வெளியான ஓர் ஆய்வில் இந்த நோய்க்குரிய ஆன்டிபாடி (ரத்தத்தில் தெரியும் எதிர்ப்புப் புரதம்) வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும்தான் காணப்பட்டது. நம் பக்கத்துப் பேக்கரிக்காரரும் ஹோட்டல் மாஸ்டரும் இதைக் கேள்விப்படாமல் இருப்பதில் வியப்பில்லை. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, வீட்டுக்காரர்கள் தாங்களே கணக்குப் போடப் பழகுவது நல்லது.

ஒன்பது வயசுப் பையனுக்குப் போன மாசம்தான் செலியாக் என்று உறுதியானது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட சால்ட் பிஸ்கட் மாதிரி ஏதாவது தேடுகிறேன். ஒரு பாக்கெட்டில் முன்பக்கம் 'குளூட்டன் ஃப்ரீ', பின்பக்கம் 'கோதுமை கலந்திருக்கலாம்' என்று போட்டிருக்கிறது. எதை நம்ப?
*– வாசகி, பாளையங்கோட்டை*

முதலில் அளவைப் பாருங்கள். இந்தியாவில் 'கிளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் கிளூட்டன் இருக்கக் கூடாது. 20 பி.பி.எம். என்பது இதுதான். பல நாடுகளிலும் இதே எல்லைதான். 20 முதல் 100 வரை இருந்தால் அது 'லோ குளூட்டன்'. அது உங்கள் பையனுக்கு வேண்டாம்.

செலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை குடல் தாங்கும் என்று வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் நடந்து 2007ல் வெளியான ஆய்வில், தினமும் 50 மி.கி. வீதம் 3 மாதம் சாப்பிட்டவர்களுக்குக் குடல் சேதம் தெரிந்தது. டிபன் பாக்ஸில் 40 கிராம் பிஸ்கட் வைக்கிறீர்கள், அது 20 பி.பி.எம். எல்லையைத் தொட்டே இருக்கிறது என்றாலும் உள்ளே போவது 0.8 மி.கி.தான். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 10 மி.கி. கிளூட்டனுக்கு எவ்வளவு மைதா வேண்டும்? ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 25ல் ஒரு பங்கு. சப்பாத்தி தேய்த்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாலே அந்த அளவை நெருங்கிவிடலாம்.

இனி பாக்கெட். முன்பக்க வாசகம் தயாரிப்பாளரைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. பின்பக்கத்தில் உள்ளது, அதே கட்டடத்திலோ அதே இயந்திரத்திலோ கோதுமையும் ஓடுகிறது என்ற எச்சரிக்கை. இரண்டும் ஒரே பாக்கெட்டில் இருப்பது முரண்பாடு மாதிரித் தெரியும். ஆனால் கோதுமை ஓடும் ஆலையிலும் நன்றாகக் கழுவி, சோதித்து 20க்குக் கீழே கொண்டுவர முடியும். செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்பு எண் இருக்கும். கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கிளூட்டன் இல்லாத சரக்குக்குத் தனி லைன் உண்டா? ஒவ்வொரு பேட்சையும் சோதிக்கிறீர்களா, எப்போதாவது ஒருமுறையா? கிளூட்டன் அளவைக் காட்டும் எலைசா சோதனையில் கடைசியாக வந்த எண் என்ன? 'எங்கள் பொருள் நூறு சதவீதம் இயற்கையானது' என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு வேறு பிஸ்கட் தேடுங்கள்.

குறுக்கே கோடு போட்ட கதிர்ச் சின்னம் உள்ள வெளிநாட்டு பாக்கெட் 20 பி.பி.எம். எல்லைக்குள் இருக்கும். கிளூட்டன் இல்லாத பொருளுக்குச் சான்று தரும் ஜி.எஃப்.சி.ஓ. அமைப்பின் முத்திரை இருந்தால் எல்லை 10. இந்த முத்திரையோடு ஆலை கிளூட்டன் இல்லாத தனி ஆலை என்றும் போட்டிருந்தால் அதுதான் எங்கள் முதல் தேர்வு. முத்திரை இல்லாமல் 'குளூட்டன் ஃப்ரீ' என்று மட்டும் இருந்து, போனில் சரியான பதிலும் கிடைத்தால் அது இரண்டாவது. முன்பக்கம் எதுவும் சொல்லாமல், சேர்மானப் பட்டியலில் மட்டும் கோதுமை இல்லாத பிஸ்கட்டை நோய் கண்டுபிடித்த முதல் ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள். புண்பட்ட குடல் ஆறும் காலம் அது. 'கலந்திருக்கலாம்' என்ற வரி இல்லாததாலேயே ஒரு பொருள் சுத்தம் என்றும் ஆகாது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரிய கம்பெனி பாக்கெட்டில் இரண்டு மூன்று ஆலை முகவரிகள் அச்சாகியிருக்கும். எந்த ஆலைச் சரக்கு என்பது பெரும்பாலும் பேட்ச் எண்ணின் முதல் எழுத்தில் இருக்கும். போன தடவை வாங்கிய அதே பிஸ்கட் இந்தத் தடவை வேறு ஆலையிலிருந்து வந்திருக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டையும் புதிதாக வாசியுங்கள். மைதா, ஆட்டா, ரவை, சம்பா ரவை என்ற பெயர்கள் தெரிந்தவைதான். கிராக்கர் வகையில் ஒளிந்துகொள்வது 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்'. அது பார்லி. ஓட்ஸ் இருந்தால், அது கிளூட்டன் இல்லாத ஓட்ஸ் என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஓட்ஸோடு கோதுமையும் பார்லியும் வயலிலேயே கலந்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு, அது ஸ்டார்ச்சிலிருந்து எடுப்பது; பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எங்க ஊரில் மகளிர் குழு போடும் கேழ்வரகு பிஸ்கட், தினை பிஸ்கட் கிடைக்கிறது. சிறுதானியத்தில்தான் கிளூட்டன் கிடையாதே, வாங்கலாமா?
*– வாசகர், அம்பாசமுத்திரம்*

சிறுதானியத்தில் இல்லை. பிஸ்கட்டில் உண்டு. கேழ்வரகு மட்டும் போட்டால் பிஸ்கட் உதிர்ந்துவிடும் என்று பாதிக்கு மேல் மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பதுதான் வழக்கம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. எத்தனையோ 'ராகி' பிஸ்கட்டுகளில் முதல் பெயரே மைதாதான்.

மைதா சேர்க்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் அடுத்த கேள்வி பாக்கியிருக்கிறது: எந்த மில்லில் திரித்தது? 2010ல் அமெரிக்காவில் இயல்பாகக் கிளூட்டன் இல்லாத தானியம், மாவு என 22 மாதிரிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 7 மாதிரிகள் 20 பி.பி.எம். எல்லையை எட்டியோ தாண்டியோ இருந்தன. வேண்டுமென்றே யாரும் கலக்கவில்லை. வயல், லாரி, கிட்டங்கி, மில் என்று வரும் வழியில் கலந்ததுதான்.

நம்மூர் மாவு மில்லில் நிலைமை இன்னும் மோசம். முன்னால் நின்றவர் ஐந்து கிலோ ரேஷன் கோதுமை திரித்துவிட்டுப் போவார். அடுத்தது உங்கள் கேழ்வரகு. இயந்திரத்தின் உள்ளும், மாவு விழும் துணிப்பையிலும் தங்கிய கோதுமை மாவு உங்கள் தூக்குச்சட்டியில் வந்து சேரும். முதலில் ஒரு கிலோ அரிசியைப் போட்டு ஓட்டித் தள்ளிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். குறையும், அவ்வளவுதான். துணிப்பையை யார் துவைக்கிறார்கள்? காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மாவு உள்ளேதான் இருக்கும். நாங்கள் சொல்வது ஒன்றுதான்: செலியாக் உள்ள வீட்டு மாவைப் பொது மில்லுக்கு அனுப்பாதீர்கள். மிக்ஸியில் திரியுங்கள், அதற்கென்று ஒரு ஜாரைத் தனியாக வையுங்கள். இடியாப்ப மாவுக்கென்றே கோதுமை படாத இயந்திரம் வைத்திருக்கும் மில் இருந்தால் அது விதிவிலக்கு. ஆனால் சல்லடையை வீட்டிலிருந்து கொண்டு போங்கள்.

தானியத்தை முழுதாக வாங்குவதில் பெரிய நன்மை, அதை ஆய முடியும். ஒரு கோதுமை மணி சுமார் 40 மி.கி. எடை. அதில் கிளூட்டன் ஏறக்குறைய 4 மி.கி. ஒரு கிலோ சோளத்தில் 5 மணி கிடந்தாலே 20 பி.பி.எம். வந்துவிடும். சுளகில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பொறுக்குங்கள். கோதுமையின் நடுவில் நீளமாக ஒரு கோடு இருக்கும், எளிதில் தெரியும். பிறகு மூன்று தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தித் திரியுங்கள். தினை, சாமை மாதிரிப் பொடிசில் கோதுமை மணி பளிச்சென்று தெரியும். சோளத்தில்தான் கண் ஏமாறும்.

பிஸ்கட்டே வேண்டாம், நம்ம அப்பளம், முறுக்கு, சேவு கொடுத்தால் என்ன?
*– வாசகி, கல்லிடைக்குறிச்சி*

நல்ல யோசனை. அப்பள ஊரிலிருந்தே கேட்டிருக்கிறீர்கள். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், எண்ணெய் – இதில் எதிலும் கிளூட்டன் இல்லை. சந்தேகம் இரண்டு இடத்தில் வருகிறது. தேய்க்கும்போது ஒட்டாமல் இருக்கத் தூவும் மாவு அரிசி மாவா, மைதாவா? இது ஒன்று. மற்றது பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோந்தோடு மைதாவையோ அரிசி மாவையோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கோதுமை என்றிருந்தால் சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. வீட்டில் மாற்ற வேண்டிய முதல் டப்பா அதுதான்.

முறுக்கு, சேவு இரண்டும் அரிசி மாவும் கடலை மாவும்தான். வீட்டில் செய்தால் கவலையில்லை. கடையில் அதே எண்ணெயில் மைதா பிஸ்கட் பொரித்திருப்பார்கள். கொதிக்கிற எண்ணெயில் கிருமி சாகும். கிளூட்டன் கிருமி இல்லை, சூட்டுக்கு அது அழியாது. முந்திரிக்கொத்திலும் ஒரு எச்சரிக்கை: உள்ளே பாசிப்பயறும் கருப்பட்டியும் சரி, மேலே முக்கும் மாவில் பலர் மைதா சேர்க்கிறார்கள். தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி மட்டும்தான். ஆனால் அது வேகிற பேக்கரியில் மைதா காற்றிலேயே மிதக்கும்.

எங்கள் ஓட்டு கூழ் வத்தலுக்கும் ஜவ்வரிசி வத்தலுக்கும். சித்திரை வெயிலில் வீட்டு மொட்டை மாடியில் போட்டு, புது எண்ணெயில் பொரித்தால் எந்த முத்திரையும் தேவையில்லை.

வீட்டில் ஆறு பேர். ராத்திரி சப்பாத்தி இல்லாமல் முடியாது. மருமகளுக்குத் தனி அடுக்களையா வைக்க முடியும்?
*– வாசகி, மேலப்பாளையம்*

தனி அடுக்களை வேண்டாம், தனிப் பாத்திரம் சில போதும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் கிளூட்டன் போய்விடும், பொதுவில் புழங்கலாம். கழுவியும் போகாதவற்றை மட்டும் தனியாக வாங்குங்கள்: மரக்கரண்டி, சப்பாத்திக்கட்டை, சல்லடை, எண்ணெய் ஏறிப் பழகிய இரும்புத் தோசைக்கல், பாத்திரம் தேய்க்கும் நார். ரொட்டி வாட்டும் டோஸ்டரைப் பங்கு போடவே கூடாது. மருமகளுடைய சாமான்களில் ஒரே நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பாத்திரத்தைவிடப் பெரிய வில்லங்கம் மாவுத் தூசி. கோதுமை மாவைச் சலித்த பிறகு நெடுநேரம் அது காற்றில் நிற்கும். திறந்திருக்கும் சோற்றுப் பானையில் படியும். அதனால் மருமகளுக்கு உள்ளதை முதலில் சமைத்து, மூடி, மேல் தட்டில் வைத்துவிட்டுத்தான் சப்பாத்தி மாவு டப்பாவைத் திறக்க வேண்டும். ஊறுகாய், வெண்ணெய், ஜாம் பாட்டில்களில் சப்பாத்தித் துணுக்கு ஒட்டிய கரண்டி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அவருக்கென்று சின்ன பாட்டில். மற்றபடி சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, இட்லி, இடியாப்பம் என்று நம் சமையலில் முக்கால்வாசி எல்லாரும் சேர்ந்து சாப்பிடக்கூடியதுதான்.

அல்வாவுக்குக் கோதுமையைப் பால் எடுத்துச் சக்கையைத் தள்ளிவிடுகிறோம். கிளூட்டன் சக்கையோடு போய்விடும்தானே?
*– வாசகர், திருநெல்வேலி டவுன்*

பெரும்பகுதி போகும், முழுக்கப் போகாது. ஊறவைத்து அரைத்துப் பிழியும்போது ஸ்டார்ச்சோடு கொஞ்சம் புரதமும் பாலில் இறங்கும். ஆலைகளில் கோதுமை ஸ்டார்ச்சைத் திரும்பத் திரும்பக் கழுவி, சோதித்துத்தான் 20 பி.பி.எம்.க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். கிண்டுகிற சட்டியில் அது நடக்காது. நெல்லை அல்வா செலியாக் உள்ளவருக்கு ஆகாது, துளியும் ஆகாது. காசி அல்வா வீட்டில் கிண்டுங்கள்.

கோவிலில் நற்கருணை வாங்கும்போது என்ன செய்வது? சின்னத் துண்டுதானே என்கிறார் மாமியார்.
*– வாசகி, பாளையங்கோட்டை*

நற்கருணையாகத் தரும் அந்த அப்பம் கால் கிராம் இருக்கும். முழுக்கக் கோதுமை என்பதால் அதிலேயே சுமார் 20 மி.கி. கிளூட்டன். ஒரு நாள் எல்லையைப் போல இரண்டு மடங்கு. கத்தோலிக்க முறைப்படி, கிளூட்டன் அறவே நீக்கிய அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. கிளூட்டன் குறைந்த கோதுமை அப்பம் செல்லும். 2017ல் வத்திக்கான் இதை மீண்டும் உறுதிசெய்தது. 100 பி.பி.எம். உள்ள அப்பமாகவே இருந்தாலும் கால் கிராமில் 0.025 மி.கி.தான் வரும். பிஸ்கட்டில் நாங்கள் வேண்டாம் என்ற 'லோ குளூட்டன்' இங்கே மட்டும் பரவாயில்லை, அளவு அவ்வளவு சிறிது. பங்குத்தந்தையிடம் சொல்லி வரவழையுங்கள், மூடியுள்ள தனிச் சிமிழில் வைக்கச் சொல்லுங்கள். திராட்சை இரசம் மட்டும் வாங்கவும் வழி உண்டு. ஆனால் குருவானவர் தம் கிண்ணத்தில் அப்பத்துண்டு ஒன்றை இடுவார் என்பதால் உங்களுக்கு வேறு கிண்ணம் வேண்டும். சி.எஸ்.ஐ. சபையாரும் போதகர் ஐயரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. அப்பத்தைத் தோய்த்த பொதுக் கிண்ணத்து ரசமும் ஆகாது.

வெளியூர் போனால் ஹோட்டலில் என்ன கேட்பது?
*– வாசகர், சங்கரன்கோவில்*

இட்லி, தேங்காய்ச் சட்னி. வெறும் சோறு, தயிர், அவித்த முட்டை. பரோட்டா போடும் கல்லில் தோசை வேண்டாம். ரவா தோசையில் ரவையும் மைதாவும் உண்டு. சாம்பாரில் பெருங்காயம் எது என்று மாஸ்டருக்கே தெரிந்திருக்காது. 'கோதுமை அலர்ஜி' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். செலியாக் என்று விளக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வயிறு சரியில்லை என்று நாங்களாகவே மூணு மாசமாகக் கோதுமையை நிறுத்திவிட்டோம். இப்போது டெஸ்ட் எடுக்கலாமா?
*– வாசகர், தென்காசி*

இப்போது எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். கோதுமை நின்றதும், செலியாக்கைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் டி.டி.ஜி. ஆன்டிபாடி குறையத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். டாக்டரிடம் பேசி, தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவாகக் குறைந்தது 6 வாரம் சாப்பிட்ட பிறகு ரத்தப் பரிசோதனை எடுப்பதுதான் முறை. அதோடு ஐ.ஜி.ஏ. என்ற வகை ஆன்டிபாடியின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இயல்பிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்? என் மகளுக்கு ஒன்றுமே செய்வதில்லை, அதனால் பரவாயில்லை என்று விட்டுவிடலாமா?
*– வாசகி, வள்ளியூர்*

விடக் கூடாது. வயிற்றுப்போக்கு, வாந்தி எதுவும் இல்லாமலே குடல் சேதமாகும். ஒத்துக்கொள்கிறது என்பது அளவுகோலே அல்ல. ஒரு தடவை தவறிப்போனால் மாற்று மருந்து எதுவும் இல்லை. தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், என்ன சாப்பிட்டாள் என்று குறித்துவையுங்கள். டி.டி.ஜி.யை 6 மாதத்திலும் ஒரு வருஷத்திலும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் பாருங்கள். எண் இறங்காமல் நின்றால் எங்கோ தொடர்ந்து கலக்கிறது என்று பொருள். நாங்கள் முதலில் சந்தேகப்படுவது பெருங்காயத்தையும் மில் மாவையும்தான்.

வீட்டிலேயே கிராக்கர் சுட அளவு சொல்லுங்கள். இரண்டு தடவை போட்டேன், உதிர்ந்துவிட்டது.
*– வாசகி, வீரவநல்லூர்*

பச்சைத் தண்ணீரில் பிசைந்திருப்பீர்கள். கோதுமை மாவை ஒட்டிப் பிடிப்பது கிளூட்டன். அது இல்லாத மாவில் அந்த வேலையை வெந்த ஸ்டார்ச் செய்ய வேண்டும், அதற்குக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும்.

அரிசி மாவு 150 கிராம், சோள மாவு 50 கிராம், வறுத்துத் திரித்த உளுந்து மாவு 2 டீஸ்பூன், இசப்கோல் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எள் 1 டீஸ்பூன், நல்லெண்ணெய் 30 மி.லி. சோள மாவு என்றால் நாட்டுச் சோளத்தைத் திரித்தது. கடையில் வெள்ளையாக விற்கும் கார்ன்ஃபிளவர் அல்ல. எண்ணெயை மாவில் விரவி, கொதிக்கும் தண்ணீரை 100 மி.லி. ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். மாவு ஒன்றுசேராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக 130 வரை சேர்க்கலாம். மூடி 15 நிமிஷம் விட்டு, சூடு பொறுக்கும்போது பிசையுங்கள். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 2 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, கத்தியால் கட்டம் போட்டு, முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் நாலைந்து இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் உப்பி, மேல் தோல் தனியாகக் கழன்றுவரும். ஓவனில் 170 டிகிரியில் 18 முதல் 22 நிமிஷம். ஓரம் சிவந்ததும் அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள்.

ஓரம் மொறுமொறுப்பாகி நடு மெத்தென்றிருந்தால் கனம் கூடிவிட்டது. கல் மாதிரி இருந்தால் எண்ணெய் போதவில்லை. தேய்க்கும்போதே விரிசல் விட்டால் தண்ணீர் கொதிக்கவில்லை அல்லது மாவு ஆறிவிட்டது. அதே ஓவனில் கேக்கும் ரொட்டியும் சுடுகிறவரானால், தட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, கீழே சிந்திக் கிடக்கும் துகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே விசிறி சுழலும் ஓவனில் அந்தத் துகள் பறந்து மேலே படியும். ஆறியதும் ஈரமில்லாத டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் தாங்கும். நமத்துப்போனால் 150 டிகிரியில் 5 நிமிஷம் வைத்தெடுக்கலாம்.